கலோலைனே அத்தையின் பிளேட்லெட்

கலோலைனே அத்தை சபையில் சாட்சி சொல்ல எழுந்துவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும் என்பது டோங்காவின் தலைநகரான நுகுஅலோஃபாவில் அந்தத் தெருவுக்கே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு உமு என்கிற மண்ணடுப்புக் குழிக்குள் பன்றியும் கிழங்கும் வெந்து காத்துக் கிடக்க, அத்தை சபைக்கென்று இடுப்பில் சுற்றிய பாயைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையிலிருந்து எழுந்தாள். பாதிரியார் பாவம், பிரசங்கத் தாளை மடித்து பைபிளுக்குள் செருகிவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேசனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க,” என்று ஆரம்பித்தாள். “பிளேட்லெட் எவ்வளவு இருக்கணும்? ஒன்றரை லட்சம். எனக்கு எவ்வளவு இருந்துச்சு? முப்பத்தி நாலாயிரம்! கத்தி வெச்சா ரத்தம் நிக்காது, ஆபரேசன் கிடையாதுன்னுட்டாரு டாக்டர். நான் அழுதேனா? அழல. இதை எடுத்தேன்.”

கைப்பையிலிருந்து டப்பா வெளியே வந்தது. மேலே ஏதோ ஒரு கருஞ்சிவப்புப் பழம், கீழே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரி. ஆறு மாதமாக அத்தை வீடு வீடாக விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு அது.

“ஆன்டிஆக்ஸிடென்ட். கடல் காத்துல கூரைத் தகரம் துருப்பிடிக்குதுல்ல? அதே மாதிரி நம்ம ரத்தமும் துருப்பிடிக்குது. இது அந்தத் துருவை எடுக்கும். ஒன்பதே நாள் முழுங்கினேன். மறுபடி ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்! நானா சொல்றேன்? ஆஸ்பத்திரி மெஷின் சொல்லுது. அந்த மெஷினை ஓட்டுறது யாரு? என் தம்பி மகன் பெனிசோனி. எந்திரிடா பெனிசோனி!”

பெனிசோனி எழுந்து நின்றான். முந்நூறு பேர் அவனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ‘ஆமென்’ என்றான். கூட்டம் முழுக்க ‘ஆமென்’ என்றது. அன்று சாயங்காலத்துக்குள் அத்தை பதினாறு டப்பா விற்றுவிட்டாள்.

உண்மை என்னவென்று அந்தக் கட்டடத்துக்குள் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவன் அவன். முதல் தடவை அத்தையின் ரத்தம் வந்தபோது அவன் லீவில் இருந்தான். மெஷின் எண்ணைத் துப்பியது, புதிதாகச் சேர்ந்திருந்தவள் அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள். அவன் திரும்பி வந்து அந்த ரத்தத்தைப் பூசி வைத்திருந்த கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். பிளேட்லெட்டுகள் குறையவே இல்லை. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து போட்டிருக்கும். ஆயிரத்தில் ஒருத்தருக்கு அந்த மருந்து பட்டவுடன் பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும். மெஷினுக்கு எண்ணத் தெரியாமல் போய்விடும். உடம்புக்குள் ஒரு கோளாறும் கிடையாது, எல்லாம் குழாய்க்குள் நடக்கிற கூத்து. அவன் அத்தையை வரவழைத்து வேறு மருந்து போட்ட நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தான். இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் வந்தது. அத்தை டப்பாவைத் தொடாமலே இருந்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும், டப்பாவுக்குப் பதில் மண்ணைத் தின்றிருந்தாலும் அவ்வளவுதான்.

அதை அவன் அத்தையிடம் சொல்லாமல் இல்லை.

“அத்தை, உங்களுக்கு முதல்லயும் குறையல. ரத்தம் அந்தக் குழாய்ல ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.”

“என் ரத்தம் எதுக்குடா ஒட்டணும்? குடிக்கிறேனா, கூத்தடிக்கிறேனா?”

“அது அப்படியில்லத்தை, குழாய்ல போடுற மருந்து…”

“பெனிசோனி. உங்கப்பன் இன்னிக்கு வரைக்கும் என் முன்னாடி உக்காந்து பேசினதில்ல. நீ எனக்கு ரத்தம் சொல்லித் தர்றியா?”

அதோடு முடிந்தது. டோங்காவில் அப்பாவின் அக்கா பேசி முடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. பெனிசோனி வீட்டுக்கு வந்து மனைவி ஆனசெய்னியிடம் அத்தையை ஆசை தீரத் திட்டினான். துரு எடுக்கும் ராணி என்று பெயர் வைத்தான். டப்பா வாங்கியவர்களையும் விடவில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் செருப்பு வாங்க வக்கில்லாதவன் எல்லாம் ரத்தத்துக்குத் துரு எடுக்கிறான் என்று சிரித்தான். தனியாக இருக்கும்போது அவன் மகா வீரன்.

சிரிப்பு நின்றது தங்கை லெசியேலியால். அவள் பள்ளிக்கூட டீச்சர். புருஷன் பழம் பறிக்கிற வேலைக்கு ஆஸ்திரேலியா போயிருந்தான், ஏழு மாத ஒப்பந்தம். அவன் போன மறுமாதம் அவள் காலில் சிவப்புப் புள்ளிகள், தொடையில் கன்றிய நீலம். ரத்தம் எடுத்தார்கள். பதினோராயிரம். பெனிசோனி கண்ணாடித் துண்டை மூன்று முறை பார்த்தான். நீலக் குழாயிலும் எடுக்கச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினான். பதினோராயிரம்தான். கொத்தும் இல்லை குலையும் இல்லை. அவள் உடம்பே அவள் பிளேட்லெட்டுகளை அழித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். சின்ன வெள்ளை மாத்திரை. ஆறு வாரத்தில் தொண்ணூறாயிரத்துக்கு ஏறினாள்.

பிளேட்லெட் ஏறியது, முகமும் ஊதியது. அந்த மாத்திரை அப்படித்தான் செய்யும், அளவு குறையக் குறைய வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் பெண்கள் சங்க விழாவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாட நின்றவளைப் பார்த்து, பின்வரிசையில் எவளோ “சீமைப்பலா மூஞ்சி” என்றாளாம். அத்தை அங்கேயே, அத்தனை பேர் நடுவில், லெசியேலியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“விஷம். வெள்ளைக்காரன் விஷம். இன்னிக்கே நிறுத்து. எனக்கு முப்பத்தி நாலாயிரத்துல இருந்து ஏத்தினது உனக்கு ஏத்தாதா? வேளைக்கு மூணு. காசு வேண்டாம், நான் தர்றேன்.”

காசு வேண்டாமாம். தர்மப்பிரபு! அவளுக்கு வேண்டியது அடுத்த சாட்சிக்கு இன்னொரு முகம்.

லெசியேலி நிறுத்தினாள். வாராவாரம் சுகாதார நிலையத்திலிருந்து அவள் குழாய் பெனிசோனியிடம் வரும். அவள் பெயரைத் தன் கையெழுத்தில் எழுதுவான், மெஷினில் வைப்பான், எண் வரும். அறுபத்திரண்டாயிரம். நாற்பத்தொன்று. இருபத்து மூன்று. டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, அப்புறம் வருகிறேன் என்று பதில் வந்தது.

அவள் வீடு அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். போய் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா என்றால், முடியாது. ஊர் வழக்கப்படி, வயதுக்கு வந்த பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழ் படுத்ததில்லை. டிவியில் முத்தம் வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். அவள் உடம்பைப் பற்றி அவன் வாயைத் திறப்பது, அதுவும் ரத்தம், அதுவும் மாதாமாதம் நிற்காமல் போகிற ரத்தம்! நினைக்கவே அவனுக்குக் காது சூடாகியது. மரியாதை என்று அதற்குப் பெயர். அந்த மரியாதைக்கு அவன் ஊரில் பேர் போனவன்.

ஆகவே ஆனசெய்னியை அனுப்பினான். அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னா?”

“என்ன சொல்லுவா? அத்தைக்கு மேல நீ பெரிய ஆளான்னா. நான் விடல. உங்கண்ணனே சொல்றாரு, அந்தப் பழ மாத்திரையால ஒண்ணும் ஏறாதுன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“அப்போ அத்தைக்கு ஏறினது பொய்யா, அதையும் எங்கண்ணன் மெஷின்தானே சொல்லுச்சு, அண்ணன்தானே சபையில எந்திரிச்சு ஆமென் சொன்னாருன்னு கேக்குறா. நான் என்னத்தைச் சொல்ல? எதுக்குய்யா அன்னிக்கு எந்திரிச்சீங்க?”

அவன் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்ப்பதுபோல் நின்றான்.

அவன் படித்தவன். அந்தப் பழத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் தேடிப் பார்த்திருந்தான். எதற்காவது, யாருக்காவது, கொஞ்சம் உதவலாம், அதை அவன் மறுக்கவில்லை. உடம்பே பிளேட்லெட்டை வேட்டையாடும் இந்த நோயில் மருந்துக்குப் பதிலாக அதைத் தின்று யாரும் தேறியதாக எங்கேயும் அவன் படிக்கவில்லை. இது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? லெசியேலியிடம் சொல்ல வேண்டியது அத்தை. அத்தையைச் சொல்ல வைக்க வேண்டும். அவன் மூளை அப்படித்தான் போயிற்று, எந்த வழியில் போனால் தான் வாயைத் திறக்க வேண்டியதில்லையோ அந்த வழியில்.

நல்ல நேரம் பார்த்து அத்தையே வந்தாள். டப்பா கம்பெனியில் புதிய பதவியாம். கம்பெனி அவள் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கப்போகிறது, அதற்குப் புதிதாக ஒரு எண் வேண்டும்.

“இந்தத் தடவை மூணு லட்சம் காட்டும் பாரு,” என்று கையை நீட்டினாள். “வலிக்காம குத்து.”

ஒரே குத்தில் இரண்டு குழாயும் நிரப்பினான், ஊதா ஒன்று, நீலம் ஒன்று. இரண்டையும் மெஷினில் ஓட்டினான். ஊதா முப்பத்தோராயிரம். நீலம் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். ஆறு மாதம் வேளைக்கு மூன்று விழுங்கியும் துரு எடுக்கும் ராணியின் ரத்தம் அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நீலத் தாளை மடித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊதாத் தாளை மட்டும் நீட்டினான். முதலில் நன்றாகப் பயப்படட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லி, லெசியேலியிடம் போய்ப் பேசச் சொல்லலாம் என்பது அவன் திட்டம்.

அத்தை கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். முகத்தில் இருந்த பதவியெல்லாம் இறங்கிப்போயிற்று.

“இது… யாரோடது?”

“உங்களோடதுதான் அத்தை.”

“மெஷின் கெட்டுப்போச்சா?”

“அதே மெஷின்தான். அதே ஊதாக் குழாய்தான்.”

“நான் விடாம சாப்பிடுறேனேடா!”

“அப்போ இன்னும் கொஞ்சம் கூடச் சாப்பிடுங்க. நாலா.”

இதைச் சொல்லும்போது அவனுக்கு இனித்தது. வாழ்நாளில் அத்தையை அவன் மடக்கிய ஒரே தருணம் அது, அதை இன்னும் கொஞ்சம் சப்பிப் பார்க்க ஆசைப்பட்டான்.

“விளையாடாதடா நாயே! மூளையில ரத்தம் கசிஞ்சு செத்துருவேன்னு அந்த டாக்டர் சொன்னாரே. டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு. நிஜ மருந்து குடு எனக்கு. அந்த வெள்ளை மாத்திரை.”

“லெசியேலியை நிறுத்தச் சொன்னீங்களே, அதுவா?”

“அவ சின்ன வயசு, தாங்குவா. எனக்கு அறுபத்தியெட்டுடா!”

இவ்வளவுதானா இந்தப் பொம்பளை? இவளுக்கா முந்நூறு பேர் ஆமென் போட்டோம்? அருவருப்பில் பெனிசோனி ஒரு நிமிடம் நின்றுவிட்டான், அந்த ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்த தாளை அவன் எடுப்பதற்குள் அத்தை கைப்பையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடி, வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறிவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆனசெய்னி போன் செய்தாள்.

“உங்கத்தை லெசியேலி வீட்டுக்கு வந்துட்டுப் போச்சு. அலமாரியைத் திறந்து அந்த வெள்ளை மாத்திரை பூராத்தையும் எடுத்துட்டுப் போயிருச்சு.”

“எடுத்துட்டுன்னா? கேட்டு வாங்கிட்டா?”

“அத்தை எதுக்குக் கேக்கணும்?”

அதுவும் சரிதான். தம்பி பிள்ளைகள் வீட்டில் எதைத் தொட்டாலும் அது அத்தையுடையது. பாய், பன்றி, போர்வை, சவப்பெட்டி மேல் விரித்த துணி வரைக்கும் கேட்காமல் எடுக்கலாம். மாத்திரையை எடுக்கக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தங்கை என்றைக்காவது மனம் மாறினால் விழுங்குவதற்கென்று வீட்டில் மிச்சம் இருந்த மருந்தையும், தன் கெட்டிக்காரத்தனத்தால், தானே கைகாட்டி அனுப்பிவிட்டதை அவன் புரிந்துகொண்டான்.

“அவ எப்படி இருக்கா?” என்று கேட்டான்.

“தலைவலிங்கறா. ஈறுல ரத்தம் வருது. எனக்குப் பயமா இருக்கு, நீங்க வாங்க.”

போனான். லெசியேலி வீட்டு வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினான். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவள் படுத்திருக்கிற பாயின் ஓரம் தெரிந்தது. பத்தடி நடந்தால் கதவு. படுத்திருக்கிற தங்கையின் அறைக்குள் அண்ணன் எப்படி நுழைவான்? ஆனசெய்னி வெளியே வந்ததும், அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல் என்றான். நீங்களே சொல்லுங்க என்றாள் அவள். அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டான்.

அத்தையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம். அவள் ஒரே நாளில் ஒரு அட்டையைக் காலி செய்துவிட்டு, கண் கொட்டாமல் விழித்திருந்து, விடிந்ததும் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் கம்ப்யூட்டரில் இரண்டு எண்ணையும் பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். நான் நேற்று நடுராத்திரி வரை முழந்தாளில் இருந்தேன், தேவன் இரண்டு லட்சம் கொடுத்தார் என்று அவள் வராந்தாவிலேயே சத்தம் போட்டுச் சாட்சி சொல்ல ஆரம்பித்தாள். கேட்பதற்கு நாலு பேரும் கிடைத்தார்கள்.

அதே காலையில், அதே வராந்தா வழியாக, லெசியேலி வந்தாள். ஆனசெய்னியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆனால் தன் காலில் நடந்து வந்தாள். பெனிசோனி மெஷின் பக்கத்தில் இருந்தான். கதவு திறந்ததும் பழக்கத்தில் எழுந்து உள்ளறைக்குப் போகத் திரும்பினான்.

“எங்க ஓடுறே? உக்காரு,” என்றாள் லெசியேலி.

நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருநீலம். பேசும்போது பல்லிடுக்கெல்லாம் சிவப்பாக இருந்தது.

“நர்ஸைக் கூப்பிடுறேன்,” என்றான் அவன்.

“நீ எடு. அத்தை என் அலமாரியிலிருந்து அந்த விஷத்தை எடுத்து, என் முன்னாடியே, என் தண்ணியிலேயே முழுங்கிட்டுப் போச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன்னை ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் வந்தேன். என் பிளேட்லெட் குறையறது உனக்கு எப்ப தெரியும்?”

அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டே ரப்பர் பட்டையைக் கட்டினான். நரம்பைத் தேடினான்.

“சொல்லு. எப்ப தெரியும்?”

“முதல் வாரமே.”

“அத்தைக்கு ஏறவே இல்லங்கறது?”

“அது… சபையிலயே தெரியும்.”

“எல்லாம் தெரிஞ்சு, என் வேலிக்கு வெளிய வந்து நின்னுட்டுப் போயிருக்கே.”

“மரியாதைன்னு…” என்று ஆரம்பித்தான். தங்கையின் ரத்தம் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினான். இரண்டு நிமிடத்தில் நிற்க வேண்டியது கால் மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. அத்தனை நேரமும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான், அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறாயிரம் இருந்தது.

அவளைச் சேர்த்துக்கொண்டு, தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் கசிவு இல்லை. நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். தப்பித்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதும் பெனிசோனி கட்டில் பக்கத்தில் போய் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வந்து, போர்வை ஓரத்தைச் சரிசெய்தான்.

நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே, “தினமும் காலைல ரத்தம் எடுக்கணும்மா. இவரே வந்து எடுத்துக்குவாரு,” என்றாள்.

“வேண்டாம். வேற யாரையாவது அனுப்புங்க.”

“ஆமாமா, அண்ணன்னா கூச்சமாத்தான் இருக்கும்.”

“கூச்சமெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள் லெசியேலி. “வாய் இருக்கிற ஆளா அனுப்புங்க.”